மழை இடித்த கோயிலும் மழை நிரப்பும் குளமும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் செல்கிறவர்களுக்குக் கீரனூரைத் தாண்டியதும் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல மொட்டைப் பாறைகள் தென்படும். அதுதான் நார்த்தாமலை. பழங்கால வணிகர்கள் நிறைந்திருந்த ஊர். நகரத்தார்மலை என்ற பெயரே மருவி இப்படி ஆயிற்று என்பார்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வரும் ஜனங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீச்சரம்வரை ஏறிப் பார்ப்பவர்கள் சொற்பம்.

அந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் கட்டிய கோயிலை மழை இடித்து அழித்துவிட்டதாம். மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தானாம். ஒன்பதாம் நூற்றாண்டுச் செய்தி இது. கட்டியவன் பெயரோடு, இடித்தது மழை என்பதையும் கல்லில் பொறித்து வைத்தார்களே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

வறண்ட பூமி என்று பேர் வாங்கிய ஜில்லாவில் மழை கோயிலை இடித்ததா என்று வாசகர்கள் வியக்கலாம். இந்தப் பிரதேசத்தின் இயல்பே அதுதான். வருஷம் முழுவதும் ஓடும் ஆறு இங்கே ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளாறும் அம்புலியாறும் மழைக் காலத்து விருந்தாளிகள். பெய்கிற மழையோ சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பாறையில் விழுந்த நீர் நிற்குமா? அதைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர்கள் குளமும் கண்மாயும் ஊருணியும் வெட்டினார்கள். புதுக்கோட்டை ஜில்லாவில் மட்டும் அவை ஐயாயிரத்துக்கும் மேல்.

வெட்டியதோடு விட்டார்களா? குளத்துக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைச் சில ஊர்களில் இன்றும் காணலாம். குமிழித் தூம்பு என்று பெயர். அடியில் ஒரு கற்பெட்டி. மேல் துளை வழியாக வயலுக்கு நீர் போகும். கீழே உள்ள சேறோடித் துளை வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். பாசனமும் நடந்தது, குளமும் மேடாகவில்லை. நீர் நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்குப் போகும். இப்படிச் சங்கிலிபோல ஊருக்கு ஊர் பிணைப்பு. இதில் ஓர் அபாயமும் உண்டு. மேல் குளத்துக் கலிங்கு அடைபட்டுக் கரை உடைந்தால், அந்த வெள்ளம் கீழ்க் குளத்தையும் உடைத்துக்கொண்டு போகும். ஓர் ஊரின் அலட்சியத்துக்கு இன்னோர் ஊர் அழவேண்டி வரும்.

சமீப காலத்தில் இந்த ஜில்லா இரண்டு சோதனைகளையும் அடுத்தடுத்துக் கண்டது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவை என்று சர்க்கார் அறிவித்தது. இரண்டு வருஷம் முடிவதற்குள், 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன், வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் நேரே புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி வட்டாரங்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

கடலோரத்தில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துப் போனது நல்ல காரியம். உள்நாட்டில்தான் ஜனங்கள் திகைத்துப் போனார்கள். கடல் எங்கே, நாம் எங்கே என்ற நினைப்பு! மரங்கள் விழுந்து பாதை அடைபட்டது. மின்சாரக் கம்பங்கள் ஒடிந்தன. மின்சாரம் போனதும் தண்ணீரும் போயிற்று. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் இருந்தும் மேலே ஏற்ற வழியில்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத்தான் பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். வாளியும் கயிறும் போட்டு இறைக்கும் கிணறும், படியிறங்கி மொண்டுகொள்ளும் ஊருணியும் எதற்கு உதவும் என்பது அப்போது விளங்கியது. வறட்சிக்கு வெட்டிய ஊருணி புயலுக்கும் காவல்.

அந்த அடிக்குப் பிறகு நடந்ததுதான் மனத்துக்கு ஆறுதல். 2019-ல் கொத்தமங்கலத்து இளைஞர்கள் தங்கள் ஊர்க் குளங்களைச் சொந்த முயற்சியில் வெட்டத் தொடங்கினார்கள். பக்கத்துத் தஞ்சை ஜில்லாவில், கடைமடைப் பகுதி விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர் வாரினார்கள். நிவாரணத் தார்ப்பாய்க்குக் காத்திருந்த கைகளே மண்வெட்டி பிடித்தன. தார்ப்பாய் வேண்டாம் என்பதில்லை; ஆனால் அது அடுத்த புயலுக்கு உதவாது.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். புயல் காப்பகங்கள் கட்டினார்கள். கிராமந்தோறும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே இடம் மாறினார்கள். உயிர்ச்சேதம் சில பத்துகளோடு நின்றது.

நம் ஊர்களில் செய்ய வேண்டியது பிரமாதமான செலவுக் காரியமல்ல. வரத்து வாய்க்காலில் முள்ளும் ஆக்கிரமிப்பும் இல்லாமல் பார்க்க வேண்டும். கலிங்கு, மதகு, கரை மூன்றையும் கோடையிலேயே பழுது பார்க்க வேண்டும். எந்த வீட்டில் தனித்த முதியவர், எந்த வீட்டில் கர்ப்பிணி என்று ஒரு பட்டியல் வேண்டும். மரம் அறுக்க வாளும், பள்ளிக்கூடத்துச் சாவி இருக்கும் ஆளும் நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

மே 1-ஆம் தேதி கூடும் கிராம சபையில் குளத்துக் கணக்கைக் கேட்டால் வேலைக்கு நாள் இருக்கும். அக்டோபர் 2-ல் கேட்டால், கலிங்கில் பூசிய சாந்து காயுமுன் மழை வந்துவிடும்.