பழைய தையல் இயந்திரமும் பெட்டி நிறையத் துணியும்

 

உங்கள் இல்லத்தின் பின்கட்டிலோ மாடிப்படியின் கீழோ பழைய தையல் இயந்திரம் ஒன்று தூசு படிந்து கிடக்கிறதா? அதனை இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் இக்கட்டுரையைச் சற்றே படித்துப் பாருங்கள்.

தபால்தலை சேர்ப்போர் உண்டு; நாணயம் சேர்ப்போர் உண்டு. பிறர் கழித்துவிட்ட தையல் இயந்திரங்களையும் மிஞ்சிய துணிகளையும் தேடிச் சேர்ப்பதில் உள்ள இன்பம் அவற்றுக்குக் குறைந்ததன்று. சேர்த்து வைத்த தபால்தலை மீண்டும் கடிதம் சுமப்பதில்லை. சேர்த்த இயந்திரமோ மீண்டும் தைக்கிறது.

தையல் நமக்கு அந்நியமான கலையன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக் கொண்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதை ஏழைகளுக்கு வாரி வழங்கினார்கள்.

இரும்பில் எழுதிய வரலாறு

1846-ல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ், முனையில் காதுடைய ஊசியைக் கொண்டு மேல் நூலையும் கீழ் நூலையும் துணியின் நடுவே பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851-ல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் உலகின் வீடுகளிலெல்லாம் நுழைந்தது. இயந்திரப் பெருக்கத்தை எதிர்த்த காந்தியடிகளே 1924-ல் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்துப் பாராட்டினார். பின்னர் 1930களில் கல்கத்தாவில் தோன்றிய ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் உஷா இயந்திரத்தை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது.

பழைய சிங்கரின் அடித்தட்டில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகள் அது பிறந்த தொழிற்சாலையையும் காலத்தையும் காட்டும். 1980-ல் மூடப்பட்ட ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் வார்க்கப்பட்ட இயந்திரம், கடல் கடந்து வந்து நம் கூடத்தில் ஓடுவதை எண்ணிப் பாருங்கள்!

வாங்கும்போது கவனியுங்கள்

கைச்சக்கரம் சுழல மறுத்தால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருப்பதே காரணம். மண்ணெண்ணெய் சில சொட்டுகள் விட்டு ஒரு நாள் ஊற வைத்து, துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் இட்டால் பெரும்பாலும் இளகிவிடும். தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதுவே பிசினாகிவிடும். உடலிலுள்ள பொன்னிறச் சித்திரங்களை ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் அவை அழிந்து போகும்.

கால்மிதியின் துருவைத் தேய்த்துவிடலாம். தோல் வாரை மாற்றிவிடலாம். பாபினைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உஷா போன்றவற்றின் வட்டப் பாபின் எளிதில் கிடைக்கும். நீண்ட ஓடம் முன்னும் பின்னும் ஓடும் மிகப் பழைய வகையாயின், ஓடமும் பாபினும் உடன் இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

துணிப் பெட்டி

துணி சேர்ப்பது இயந்திரம் சேர்ப்பதைவிட எளிது. திருப்பூரின் பனியன் துண்டுகளும், அப்துல் கனி அவர்களின் பெயர் தாங்கிய ஈரோட்டு ஜவுளிச் சந்தையின் துணிகளும், தையற்கடைகளில் மிஞ்சும் துண்டுகளும் நம் பெட்டியை நிறைத்துவிடும். ஐயமான துணியில் ஒரு நூலைப் பிரித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தியாயின் காகிதம் எரியும் வாடை வீசி மென்சாம்பலாகும். பாலியெஸ்டராயின் உருகிக் கெட்டி மணியாகும். பருத்தியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுங்கள். இல்லையேல் தைத்த சட்டை முதல் சலவையிலேயே சுருங்கும்.

பளையகாட் கைலியின் மிச்சத்தில் தலையணை உறையும், வெள்ளைத் துண்டில் மதரஸா பிள்ளைகளுக்குத் தொப்பியும், கனத்த துணியில் குர்ஆன் உறையும் தைக்கலாம். பழைய பட்டுச் சேலையின் துண்டுகளைப் பெண்மக்களின் ஆடைக்கு வைத்துக் கொள்ளுங்கள். ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டதன்றோ!

ஆசைக்கும் ஓர் எல்லை

சேர்க்கும் ஆசை எளிதில் வீண் விரயமாகிவிடும். அதனினும் பெரிய சோதனை ஒன்றுண்டு. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

கணவரை இழந்து இத்தாவை முடித்திருந்த ஒரு சகோதரி, தம் இயந்திரத்தை விற்க எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். "ஓடுகிறது, ஆனால் தையல் விழவில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கவும் கையில் காசில்லை. கொடுப்பதைக் கொடுங்கள்" என்றார். பொன் ஓவியம் மங்காத அருமையான சிங்கர்! நெடுநாள் நான் தேடிய வகை. சோதித்துப் பார்த்தேன். பழுதென்று எதுவுமில்லை; ஊசி திருப்பிப் பொருத்தப்பட்டிருந்தது, அவ்வளவே. அவர் அறியவில்லை, நான் அறிந்துவிட்டேன். வாய் திறவாமல் பணத்தை நீட்டியிருந்தால் இயந்திரம் என்னுடையதாகியிருக்கும். உள்ளம் அப்படியே தூண்டவும் செய்தது.

அப்போது, ஈரத்தை மறைத்துத் தானியம் விற்றவரை அண்ணலார் (ஸல்) கண்டித்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. விற்பவர் குறையை மறைப்பது மோசடியென்றால், வாங்குபவர் நிறையை மறைப்பது மட்டும் என்னவாம்? ஊசியைச் சரியாகப் பொருத்தி அவர் கண்முன்னேயே ஒரு துண்டுத் துணியைத் தைத்துக் காட்டினேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு இயந்திரத்தை வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டு சென்றார். பெருநாள் வந்தபோது அவர் தெருவின் பிள்ளைகள் சிலர் அவர் தைத்த சட்டை அணிந்து தொழுகைக்குச் சென்றனர்.

என் சேகரிப்பில் அந்த இயந்திரம் இல்லை. ஆயினும் என்னிடமுள்ளவற்றைக் காட்டிலும் அதை நினைக்கும்போதே மனம் குளிர்கிறது.

எனவே சகோதரிகளே, தேடுங்கள், சேருங்கள், துடைத்து ஓட விடுங்கள். இரண்டு இயந்திரங்கள் சேர்ந்தால், ஒன்று உங்களுக்கு இருக்கட்டும். மற்றொன்று அதனால் பிழைக்கக்கூடிய ஒரு வீட்டைத் தேடிச் செல்லட்டும். கொடுக்கும்போது நான்கு பாபினும் ஒரு சிறு துணி மூட்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஊசி எந்தப் பக்கம் என்பதையும் மறவாமல் சொல்லிக் கொடுங்கள்.

நம் கைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.