பெண்ணுரிமைச் சிந்தனையில் வர்க்கத்தின் இடம்

பெண்கள் அனைவரும் பெண்களாகப் பிறந்த ஒரே காரணத்தால் ஒரே விதமான தாழ்நிலைக்கு உள்ளாகின்றனரா, அன்றி அவரவர் வர்க்கத்திற்கேற்ப அத்தாழ்நிலையின் தன்மை வேறுபடுகிறதா என்னும் வினா பெண்ணுரிமைச் சிந்தனையுடன் கூடவே பிறந்தது. 1792-இல் பெண் கல்விக்காக வாதாடிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், நடுத்தர வகுப்புப் பெண்களையே சிறப்பாகக் கருத்திற்கொண்டு எழுதுவதாக வெளிப்படையாகக் கூறினார். 1884-இல் ஏங்கெல்ஸ், பெண்ணின் வீழ்ச்சிக்குத் தனிச்சொத்துரிமையே மூலம் என வாதிட்டார். ஐரோப்பாவில் இவ்விவாதம் நெடுங்காலம் நூல்களில் நடைபெற்றது. நம் நாட்டில் அது ஒரு நகரின் தொழிலாளர் அலுவலகத்திலேயே எழுந்தது என்பது கருதத்தக்கது.

அகமதாபாத்தின் நெசவுத் தொழிலாளர் சங்கம் காந்தியடிகளின் வழிகாட்டுதலில் 1920-இல் உருவானது. அச்சங்கம் 1954-இல் மகளிர் பிரிவொன்றைத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்களுக்குத் தையல் போன்ற பயிற்சிகளை அளிப்பது அதன் பணி. அதாவது, தொழிலாளர் இயக்கத்தின் பார்வையில் தொழிலாளி என்பவன் ஆண். பெண் அவனுடைய மனைவி. அதே நகரில் துணிச்சந்தையில் தலைச்சுமை தூக்கியும், வண்டி இழுத்தும், காய்கறியும் பழந்துணியும் விற்றும் பிழைத்த பெண்கள் எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை. மகளிர் பிரிவின் தலைவியாயிருந்த இலா பட் 1972-இல் இவர்களுக்கெனச் சுயதொழில் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். ‘சேவா’ என்னும் சுருக்கப்பெயரால் அது அறியப்படுகிறது.

அதனைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய முனைந்தபோது தொழிலாளர் துறையினர் தயங்கினர். இப்பெண்களுக்கு முதலாளி எனக் குறிப்பிடத்தக்கவர் எவருமில்லை. அவ்வாறாயின் சங்கம் யாரை எதிர்த்துப் போராடும் என்பது அவர்கள் எழுப்பிய வினா. சட்டம் அறிந்த அலுவலர்க்கு இது நியாயமான வினாவாகவே தோன்றும். தொழிலாளர் தமக்குள் ஒன்றுபடுவதே சங்கத்தின் நோக்கம், எதிர்ப்பதற்கு ஒருவர் இருந்தாக வேண்டியதில்லை என்ற வாதத்தின் பேரில் அவ்வாண்டிலேயே பதிவு கிடைத்தது. இட ஒதுக்கீட்டுக் கலவரத்தின்போது சேவா தாழ்த்தப்பட்டோர் பக்கம் நின்றதையொட்டி, 1981-இல் தாய்ச் சங்கத்துடன் அதன் உறவு முறிந்தது. வர்க்க ஒற்றுமையை முழங்கும் இயக்கமும் பெண்ணையும் சாதியையும் ஒதுக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பொருளியலார் இதில் பங்கற்றவரல்லர். ‘வேலை’ என்பதன் வரையறையை வகுத்தவர்கள் அவர்களே. தன் வீட்டு வேலைக்காரியை ஒருவர் மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று பிகூ சுட்டிய முரண்பாட்டை மாணவர் அறிவர். வேலை மாறவில்லை, கூலி மட்டுமே நின்றது. விறகு, கீரை, தீவனம் சேகரிக்கும் இல்லத்தரசிகளுக்குத் தேசிய மாதிரி ஆய்வு ‘93’ எனத் தனிக் குறியீடு அளித்தது; ஆயினும் அவர்களை உழைப்பாளர் படைக்கு வெளியிலேயே நிறுத்தியது. குடும்ப நிலத்திலும் தொழிலிலும் ஊதியமின்றிச் செய்யும் வேலையையும் சேர்த்துச் சொல்லுமாறு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வினா வெளிப்படையாகத் திருத்தப்பட்டது 1991-இல்தான்.

2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இது எல்லா வர்க்கத்துப் பெண்களுக்கும் பொதுவான சுமை என்று பெண்ணியவாதிகள் சுட்டுவது முற்றிலும் சரியே. ஆனால் சராசரி என்பது பலவற்றை மறைப்பது. குழாய் நீரும் எரிவாயு அடுப்பும் உள்ள இல்லத்தின் நிமிடங்களும், குடத்துடன் நெடுந்தொலைவு நடப்பவளின் நிமிடங்களும் அதில் ஒன்றாகவே கலந்துள்ளன. மேலும், படித்த பெண் அலுவலகம் செல்லும்போது அவளுடைய வீட்டு வேலையைப் பெரும்பாலும் கணவன் ஏற்பதில்லை. குறைந்த கூலிக்கு இன்னொரு பெண் ஏற்கிறாள். அப்பெண்ணின் வீட்டு வேலை அவள் திரும்பும்வரை காத்திருக்கிறது.

சட்டங்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று உதவிச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. சந்தேகமின்றிப் பெரும் முன்னேற்றம் இது. எனினும் கடைகளையும் நிறுவனங்களையும் பொறுத்தவரை, 10 பேரேனும் பணிபுரியும் இடங்களுக்கே அது பொருந்தியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அவ்வரம்பையே ஏற்றது. வயலில் நடவு நடும் பெண்ணுக்கு விடுப்பளிக்க வேண்டிய முதலாளி யார்? 1972-இல் அகமதாபாத்தில் எழுந்த வினாவே இங்கும் எழுகிறது. அவளுக்கென 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 6,000 ரூபாய் உதவியை விதித்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த மகப்பேற்றுத் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் எனத் தொடங்கியது. அலுவலகப் பெண் பெறுவது 26 வாரங்களின் முழு ஊதியம். கூலிப் பெண் பெறும் தொகையோ, அவள் எத்தனை நாள் கூலியை இழந்தாள் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.