ரொட்டியை விடச் சொல்ல வருபவர் அல்ல: போசாக்கு ஆலோசகரின் வேலை என்ன?



கிளினிக்குக்குப் போன தாய்மாரில் சிலருக்கும், சீனி வியாதிக்கு மருந்து எடுக்கும் சிலருக்கும் டொக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரியில் போசாக்கு ஆலோசகரைப் பாருங்கள்" என்று அனுப்புவது உண்டு. அந்தத் துண்டோடு வீட்டுக்கு வந்து, அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிடுபவர்கள் நம்மில் பலர். காரணம் கேட்டால், "அங்க போனா ரொட்டி திங்காத, சோறு திங்காத, பால் குடி, பழம் சாப்புடுன்னு சொல்லுவாங்க. நம்மகிட்ட அதுக்குக் காசு எங்கங்க இருக்கு?" என்று சொல்கிறார்கள்.

இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் போசாக்கு ஆலோசகரின் வேலை அது இல்லை. அவர் உண்மையில் என்ன செய்கிறார், அதனால் நமக்கு என்ன பிரயோசனம் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

முதலில் கேட்பார், பிறகுதான் சொல்வார்

போசாக்கு ஆலோசகர் உணவையும் உடலையும் பற்றிப் படித்துப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதமாட்டார், ஊசி போடமாட்டார். அவருடைய கருவி கேள்விதான். "நேற்றுக் காலையில் எழும்பியதில் இருந்து இரவு படுக்கும் வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்று கேட்பார். தேத்தண்ணி எத்தனை கோப்பை, சீனி எத்தனை கரண்டி, ரொட்டி எத்தனை, கூட என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். பிறகு எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர், யார் சமைக்கிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்றும் கேட்பார்.

இந்தக் கடைசிக் கேள்வியை நாம் சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது. ஒரு குடும்பத்தின் சட்டியில் என்ன இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்தச் சட்டியில் இருந்து யாருக்கு எவ்வளவு போகிறது என்பது வேறு கணக்கு. இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் ஆலோசனை சொன்னால் அது பிழைத்துப் போகும்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு அவர் ஒன்று அல்லது இரண்டு மாற்றங்களை மட்டுமே சொல்வார். அடுத்த முறை போகும்போது இன்னும் ஒன்று. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நல்ல பழக்கத்தைப் பாராட்டி, அதோடு எதைச் சேர்க்கலாம் என்று பார்ப்பதுதான் இன்றைய முறை. பயங்காட்டியும் ஏசியும் சாப்பாட்டை மாற்ற முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ரொட்டி மேல் குற்றம் இல்லை

ரொட்டி சாப்பிடுவதால் தோட்டத்து ஆட்களை இளக்காரமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். ரொட்டி நம் வாழ்க்கைக்குள் சும்மா வந்துவிடவில்லை. விடியற்காலையில் பிரட்டுக்கு ஓடவேண்டும். மலைக்குக் கட்டிக்கொண்டு போனால் கெடக்கூடாது. வயிறு நிறையவேண்டும். பல தோட்டங்களில் மாவைக் கணக்கில் கொடுத்துச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் லயங்களில் பட்டினியால் உயிர் போனவர்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து விலைவாசி ஏறியபோதும் முதலில் வெட்டுப்பட்டது ரொட்டியோடு சேர்ந்த கறிதான்.

ரொட்டியில் மாச்சத்து உண்டு. மலை ஏறுவதற்குத் தேவையான சக்தியை அது கொடுக்கிறது. புரதமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உடலைக் கட்டும் புரதத்துக்கு வேண்டிய ஒரு கூறு கோதுமையில் குறைவு. அதே கூறு பருப்பில் நிறைய உண்டு. ஆகவே ரொட்டியும் பருப்பும் ஒரே வேளையில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. சோறும் பருப்பும் சேர்ந்தாலும் அப்படித்தான். இதனால்தான் ஆலோசகர் "ரொட்டியை விடுங்கள்" என்று சொல்லாமல் "ரொட்டியோடு என்ன?" என்று கேட்கிறார்.

வெறும் சம்பல் மட்டும் இருக்கும் நாளில் அவர் சொல்லக்கூடியவை இவை:

மா பிசையும்போது ஒரு பிடி கீரையை அரிந்து போடலாம், அல்லது கரட்டைத் துருவிப் போடலாம். மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா கலந்தால் சுண்ணாம்புச்சத்து கூடும். நெத்தலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் கழுவி உப்பைக் குறைத்து, வறுத்து இடித்துச் சம்பலோடு சேர்க்கலாம். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பைக்கட் தின்பண்டத்தின் விலையை முட்டையின் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கீரைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ராபு இலை, பீட்ரூட் இலை, பூசணிக் கொழுந்து, சவ்சவ் கொடியின் இளந்தளிர் எல்லாம் சாப்பிடக்கூடியவை. ஒன்றை மட்டும் கவனிக்கவும். புல்லுக்கு மருந்து அடித்த மலையிலும், அதன் கானிலும் வல்லாரையோ வேறு கீரையோ பறிக்கக்கூடாது. லயத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையால் போட்ட பாத்தியே நம்பிக்கையானது.

தேத்தண்ணியை விடவேண்டாம், நேரத்தை மாற்றுங்கள்

நாம் கிள்ளும் கொழுந்துக்குள் இருக்கும் ஒரு விசயத்தை நாம் தெரிந்துகொள்ளவேண்டும். தேயிலைச் சாயத்தில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரை, பருப்பு, தானியங்களில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அந்தச் சத்தில் பெரும் பகுதி உடம்பில் சேராமல் வெளியே போய்விடுகிறது. சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிக்கும்போதுதான் இது அதிகம் நடக்கிறது.

இதற்கு எதிராக வேலை செய்வது விற்றமின் சி. சாப்பிடும் வேளையில் தேசிக்காய்ப் புளி, கொய்யா, தக்காளி, நெல்லிக்காய் ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். கீரைச் சுண்டலை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டுமல்ல என்பது இப்போது விளங்கும்.

ஆகவே ஆலோசகர் தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லமாட்டார். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடச் சொல்வார். எழும்பியவுடன் ஒரு கோப்பை குடிக்கலாம். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு பத்து மணித் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடிக்கலாம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது வீண். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடாது. ஒன்றைக் காலையிலும் மற்றதை வேறு வேளையிலும் எடுக்கவேண்டும்.

சீனியையும் ஒரு தடவை கணக்குப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 5 கிராம். கோப்பைக்கு 2 கரண்டி என்று நாளைக்கு 6 கோப்பை குடித்தால் 60 கிராம் ஆகிறது. மாதத்துக்கு ஒருவருக்கு மட்டும் 1,800 கிராம். சீனி வியாதி உள்ளவருக்கு ஆலோசகர் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல், 2 கரண்டியை ஒன்றரையாக்கி, பிறகு ஒன்றாக்கி, படிப்படியாகக் குறைக்கப் பழக்குவார். வியாதி வந்தவருக்குத் தனிச் சட்டி வைக்கவேண்டியதும் இல்லை. ரொட்டியில் ஒன்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டினால், அந்தச் சாப்பாடு முழுக் குடும்பத்துக்கும் நல்லதுதான்.

கடைசியில் சாப்பிடும் தாய்

இனித்தான் முக்கியமான விசயம். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 100 க்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டையும் எடுத்தால் அது 17 தான். இந்த வித்தியாசத்தின் ஒரு பகுதி பிள்ளை பிறக்கும் முன்பே தாயின் வயிற்றில் தொடங்கிவிடுகிறது. தாயின் உடம்பில் இரத்தமும் சத்தும் குறைந்தால் பிள்ளை 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறக்கக்கூடும். அப்படிப் பிறந்த பிள்ளை நோய்க்கும் இலகுவாக ஆளாகிறது.

ஒரு கர்ப்பிணித் தாயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காலையில் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, சாயத்தண்ணியோடு அரை ரொட்டி சாப்பிட்டு மலைக்கு ஓடுகிறார். இரவில் எல்லாருக்கும் போட்ட பிறகு சட்டியில் மிஞ்சுவது பருப்புத் தண்ணி. அடியில் கிடக்கும் கெட்டிப் பருப்பு முதலில் சாப்பிட்டவர்களின் கோப்பைக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் உணவு இல்லாமல் இல்லை. தாய்க்கு மட்டும் வந்து சேரவில்லை.

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கண் இமையின் உட்புறம் வெளிறிக் கிடக்கிறது என்றால், "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விட்டுவிடக்கூடாது. கர்ப்பிணித் தாயின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. பார்த்து மருந்து எடுக்கவேண்டும்.

"நெறைய சாப்பிட்டா புள்ள பெருசாகி பிரசவம் கஷ்டமாயிரும்" என்று பயந்து சாப்பாட்டைக் குறைக்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். அதனால் தாயின் உடம்பு இளைத்துப்போகும், பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கும். பெரியவர்கள் சொல்லும் பத்தியத்தை ஆலோசகர் கேலி செய்யமாட்டார். பத்தியச் சாப்பாட்டில் உள்ள பூண்டு, கருவாடு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லவை. அவற்றை வைத்துக்கொண்டு, தேவையில்லாமல் தள்ளி வைத்த பழத்தையும் முட்டையையும் மெதுவாகத் திரும்பச் சேர்க்கப் பார்ப்பார்.

திரிபோஷாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1973 இல் ஆரம்பிக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் சோளம், சோயா, பால்மா கலந்த மா இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அது கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் உரியது. உருண்டை பிடித்து வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்தால் யாருக்கும் பிரயோசனம் இருக்காது. அதை மருந்துபோல் எண்ணி உரியவருக்கே கொடுங்கள்.

கைப்பிள்ளைக்கு 6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு தாய்ப்பாலோடு சோற்றையும் கெட்டிப் பருப்பையும் மசித்துக் கொடுக்கலாம். கரண்டியைச் சரித்தால் வழிந்தோடக்கூடாது, அதுதான் பதம். பருப்புத் தண்ணியால் வயிறு நிறையும், உடம்பு வளராது. பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போகும் தாய்மார் இதைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடமும் சொல்லி வைக்கவேண்டும்.

போகும்போது என்ன கொண்டுபோவது?

கிளினிக் அட்டை, குடிக்கும் மருந்துகள், பிள்ளை என்றால் நிறைக் கோடு போட்ட புத்தகம். அதற்கு மேல் கொண்டுபோக வேண்டியது உண்மை. இல்லாத பாலையும் பழத்தையும் சாப்பிட்டதாகச் சொன்னால் ஆலோசனையும் இல்லாத வீட்டுக்கே பொருந்தும். "நேத்து ராத்திரி ரொட்டியும் சம்பலுந்தான் மிஸ்" என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். முடிந்தால் வீட்டுக்காரரையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு போங்கள். சட்டியில் கை வைக்கிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பேச்சு தேவை.

துண்டு இல்லாதவர்கள் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல மாதுவிடமோ கேட்கலாம். பிள்ளையின் நிறைக் கோடு இரண்டு மாதம் மேலே ஏறாமல் நின்றால் மூன்றாம் மாதம் வரை காத்திருக்கவேண்டாம்.

"சம்பளம் பத்தாம எப்படிங்க சத்தாச் சாப்புடுறது?" என்று நீங்கள் கேட்பது எமக்குத் தெரியாமல் இல்லை. போதிய வருமானத்துக்குப் பதிலாக எந்த ஆலோசனையும் நிற்க முடியாது. அது தனியாகப் பேசித் தீர்க்கவேண்டிய விசயம். ஆனால் இன்று வீட்டில் இருக்கும் அரிசியும் பருப்பும் மாவும் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேருவதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவில்லை.

ஆகவே வீட்டுக்காரர்மாருக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு பருப்புச் சட்டியை இறக்கியதும், கரண்டியை அடியில் விட்டுக் கெட்டியாக அள்ளி, கர்ப்பிணியாகவோ பாலூட்டுபவராகவோ இருக்கும் உங்கள் மனைவியின் கோப்பையில் முதலில் போட்டு வையுங்கள். மற்றவர்களுக்கு அதற்குப் பிறகு பரிமாறலாம்.