ஏற கியர், இறங்க பிரேக்: கல்வராயன் மலைக்கு உங்க சைக்கிள் ரெடியா?

திருக்கோவிலூருக்குள் எந்த சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். தென்பெண்ணைப் பாலம், கபிலர் குன்று, உலகளந்த பெருமாள் கோயில் வீதி என்று எங்கே சுற்றினாலும் தரை ஏறக்குறைய சமம். பிரேக் அரைகுறையாகப் பிடித்தால் காலை ஊன்றி நிறுத்திடலாம். ஏழு கியரில் மூணு மட்டும் வேலை செய்தாலும் காலேஜ் போய்ச் சேர்ந்துடலாம்.

அதே சைக்கிளை எடுத்துக்கிட்டு கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறிப் பாருங்க. அப்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியும். போன வருஷம் நான் இறங்கி வரும்போது பாதி வழியில் பின் பிரேக் லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. முன் பிரேக்கை மட்டும் நம்பி, ஓரத்து மண்மேட்டில் ஏற்றித்தான் நின்றேன். முழங்கை தேய்ந்ததோடு போச்சு. காரணம் என்ன தெரியுமா? கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய இடைவெளி தானாகச் சரியாகாது. நாமதான் திருகிக் கொடுக்கணும். நான் ஆறு மாசமா திருகவே இல்லை.

பிரேக் எவ்வளவு வேலை செய்கிறது?

முதல் செமஸ்டர் இயற்பியலே போதும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, இறங்கும் உயரம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 470 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். காற்றுத் தடையில் ஒரு பகுதி போனாலும், மெதுவாக இறங்கும்போது பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாக மாறும்.

வி பிரேக்கில் அந்தச் சூடு ரிம்முக்குப் போகும். ரிம்முக்குள் டியூப் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் டியூப் வெடிக்க வாய்ப்புண்டு. மழையில் ரிம் நனைந்தால் பிடியும் குறையும். மலைக்கு அடிக்கடி போவீங்கன்னா டிஸ்க் நல்லது. பட்ஜெட் குறைவென்றால் கேபிள் டிஸ்க் போதும். பழுதானால் சாதாரண கேபிளை வைத்தே சரிசெய்யலாம். ஹைட்ராலிக்கில் விரல் வலிக்காது, பேட் தேய்மானத்தையும் அதுவே ஈடுகட்டும். ஆனால் எண்ணெய் விஷயத்தில் கவனம்: ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், வேறு சிலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் கெட்டுப்போகும். என்ன ஊற்றணும்னு லிவர் மூடியிலேயே எழுதியிருக்கும்.

பிரேக் கோளாறு, கைவைத்தியம்

லிவர் பஞ்சு மாதிரி அமுங்குதா? ஹைட்ராலிக் என்றால் உள்ளே காற்று, பிளீட் செய்யணும். கேபிள் என்றால் கம்பி தளர்ந்திருக்கும், அல்லது பேட் தேய்ந்திருக்கும்.

கீச்சென்று கத்துதா, பிடியும் இல்லையா? செயினுக்கு எண்ணெய் விட்டபோது டிஸ்க்கிலும் தெறித்திருக்கலாம். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைங்க. எண்ணெய் ஊறிய பேட் பெரும்பாலும் தேறாது, மாற்றிடுங்க. புது பேட் போட்டதும் சமதரையில் இருபது தடவை வேகம் எடுத்து, முழுசா நிற்காமல் அழுத்தி வேகம் குறைங்க. பிறகுதான் அது முழுப்பிடி தரும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீங்க. வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விடுங்க. டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும்.

ஏறுவதற்கு எந்த கியர்?

முன்னால் 24, பின்னால் 28 பல். விகிதம் 0.86. 26 இன்ச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 6.4 கிலோமீட்டர் வரும். 8 சதவீத ஏற்றத்தில் அதே 80 கிலோவைத் தூக்கச் சுமார் 110 வாட் வேண்டும். முன்னால் 34 பல்லில் ஏறினால் அதே மிதிக்குச் சுமார் 160 வாட். பலருக்குப் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கிடும். பின்னால் 34 பல் போட்டு, முன்னால் 24 வைத்தால் 90 வாட்டுக்கு இறங்கிடும்.

ஆக, முழு கியர் செட்டை மாற்றத் தேவையில்லை. 7 கியர் ஃப்ரீவீலிலேயே 14-34 கிடைக்கிறது. ஆனால் வாங்கும் முன் இரண்டு கேள்வி: உங்க சக்கரத்தில் இருப்பது திருகும் ஃப்ரீவீலா, செருகும் கேசட்டா? ஒன்று மற்றதில் பொருந்தாது. உங்க டீரெயிலர் 34 பல் வரை தாங்குமா? செயினும் நீளமாகத் தேவைப்படலாம்.

கியர் தாவுதா?

பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுத்தால் கேபிள் தளர்வு. டீரெயிலருக்குக் கேபிள் நுழையும் இடத்துத் திருகை இடஞ்சுழியாக அரைச் சுற்று திருப்புங்க. சின்னதுக்கு இறங்க மறுத்தால் எதிர்ப்பக்கம். அப்பவும் இறங்கலைன்னா கேபிள் உறையில் துரு. எல் எழுதிய திருகைத் தெரியாமல் தளர்த்தாதீங்க. செயின் ஸ்போக்குக்குள் விழும். பஸ் மேல் ஏற்றி இறக்கிய பிறகு எதுவுமே சரியாகலைன்னா டீரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம்.

மிதிக்கும்போது செயின் வழுக்கினால் 12 இன்ச் ஸ்கேல் எடுங்க. ஒரு பின்னின் நடுவில் பூஜ்யம் வைத்தால் 12-ல் இன்னொரு பின்னின் நடு இருக்கணும். 1.5 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்க. 3 மில்லிமீட்டர் என்றால் ஃப்ரீவீலும் போச்சு. புது செயின் மட்டும் போட்டால் இன்னும் வழுக்கும்.

கிளம்பும் முன் ஐந்து நிமிஷம்

இரண்டு லிவரும் கைப்பிடியைத் தொடுதான்னு பாருங்க. பேட் கனத்தைப் பாருங்க. சக்கரத்தைச் சுற்றிவிட்டு டிஸ்க் உரசுதான்னு கேளுங்க. எல்லா கியரையும் ஒருமுறை ஏற்றி இறக்குங்க. சக்கர நட்டை இறுக்குங்க.

திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர். தன் பெயரையே வைத்திருந்த குதிரையை அவன் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான்! உங்க சைக்கிளுக்குப் பெயர் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. மலைக்குக் கிளம்பும் முன் அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் கொடுங்க. முழங்கை தப்பிக்கும்.