உதிரம் விழுந்த இடத்தில் நெருப்பு

புதுக்குருவானவருக்குப் பூசைப் பாத்திரமும் திருவுடையும் பரிசளித்து மகிழ்கிறோம். ஆனால், அவர் குருமடத்தில் கழித்த நீண்ட ஆண்டுகளில் அன்றாடம் எந்தத் திருவோவியத்தின்முன் முழந்தாளிட்டார் என்று நாம் கேட்பதுண்டோ?

உரோமையில் 1579ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஆங்கிலேயர் குருமடத்தின் ஆலயத்தில் துராந்தே அல்பெர்த்தி தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. உயிர்நீத்த திருமகனைப் பிதாவானவர் தாங்கியிருக்கிறார். திருக்காயங்களினின்று வடியும் உதிரம் இங்கிலாந்தின் வரைபடத்தின்மீது விழுகிறது. விழுந்த இடத்தில் நெருப்பு மூள்கிறது.

அங்குப் பயின்றோர்க்கு அது வெறும் அலங்காரமன்று. அக்குருமடத்தின் முதல் மறைசாட்சியான அர்ச்சிஷ்ட ரால்ப் ஷெர்வின் 1581 டிசம்பர் 1ஆம் நாள் இலண்டனில் கொலையுண்டார். வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றுத் தாயகம் திரும்புவதே இராஜத்துரோகம் என 1585ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அறிந்தே சென்றனர் இளங்குருக்கள். 1679க்குள் 44 பேர் உயிரீந்தனர். மரணச் செய்தி வருந்தோறும் மாணவர்கள் அவ்வோவியத்தின்முன் கூடினர். அழுது புலம்பவில்லை, ‘தே தேயும்’ என்னும் நன்றிக்கீதம் பாடினர். டிசம்பர் முதல் நாளில் அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது.

குருமாணவர் திருக்கலையின் வரலாற்றைக் கற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்ததன் பொருள் இங்கே விளங்குகிறது. நாளும் காண்பதுபோல் உள்ளம் உருவாகிறது.

இது குருமடத்திற்கு மட்டுமா? குருத்துவ அழைத்தலின் முதல் நாற்றங்கால் குடும்பமன்றோ! நம் இல்லச் சுவரில் பிள்ளைகள் நாள்தோறும் காண்பது எது? சிந்திப்போம், புதுக்குருக்களுக்காக மன்றாடுவோம்.