மீண்டும் பள்ளி வாசலில்

நெடுநாள் நோயிலிருந்து மீளும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி?

எமது குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் ஏழு மாதம் சிகிச்சை பெற்ற சிறுவன் ஒருவன் இருந்தான். வயது 9. நான்காம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே விடாத காய்ச்சலும் வெளிறிய முகமுமாக வந்தவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கடுமையான மருந்துகளின் கட்டம் முடிந்து, இனிப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொள்ளலாம் என்ற நிலை வந்தபோது, "பள்ளிக்கு அனுப்பலாம்" என்றார் மருத்துவர். தாயின் முகம் மாறிவிட்டது. அன்று மாலை என்னிடம் வந்து, "படிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர். புள்ள எங்க கண்ணு முன்னால இருந்தாப் போதும்" என்றார். கட்டிலில் படுத்திருந்த மகனோ வேறொன்று கேட்டான்: "என் எடத்துல இப்ப யாரு உக்காந்திருக்காங்க சிஸ்டர்?"

தாயின் அச்சம் பொய்யன்று. மகனின் ஏக்கமும் பொய்யன்று. இரண்டையும் மதித்து நடப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். இரத்தப் புற்றுநோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை எழுதுகிறேன். சிறுநீரக நோய், இதய அறுவைச் சிகிச்சை, காசநோய் முதலியவற்றிலிருந்து மீளும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும். மருந்து பற்றிய குறிப்புகளை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முழுவதும் குணமாகட்டும் என்று காத்திருக்கலாமா?

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்து ஒன்றால் குழந்தைகளிடம் இந்நோய் தற்காலிகமாகத் தணிவதை வெளியிட்டார். அந்நாளில் பிள்ளை இன்னும் சில மாதம் வாழ்வதே பெரும்பேறாக இருந்தது. இன்றோ, முறையான சிகிச்சையை இடைவிடாது முழுமையாகப் பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். பிழைப்பானா என்று மட்டுமே கேட்ட காலம் போய், எப்படி வாழ்வான் என்றும் கேட்கும் காலம் வந்திருக்கிறது.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை ஏறத்தாழ 2 முதல் 3 ஆண்டுகள் நீடிக்கும். தொடக்க மாதங்கள் கடினமானவை. அதன்பின் வருவது பராமரிப்புச் சிகிச்சை. அப்போது நாள்தோறும் ஒரு மாத்திரையும் வாரம் ஒருமுறை மற்றொரு மாத்திரையுமாக மருந்து தொடரும். இக்கட்டத்தில், இரத்த அணுக்களின் அளவு போதுமானதாக இருந்தால், பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லலாம். அனைத்தும் முடியட்டும் என்று காத்திருந்தால் 9 வயதுப் பிள்ளை 11 அல்லது 12 வயதில்தான் வகுப்பறையைக் காண்பான். அதற்குள் தோழர் கூட்டம் வேறாகியிருக்கும், பாடம் மலையாகியிருக்கும், பிள்ளையின் தயக்கமும் வளர்ந்திருக்கும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, "நான் பிழைத்துவிட்டேன்" என்பதைத் தானே உணர்கிறான். ஆகவே பள்ளி என்பது சிகிச்சை முடிந்தபின் கிடைக்கும் பரிசன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.

நோயைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கப்படுமோ என்று அஞ்சும் பெற்றோரும் உள்ளனர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை உரிமையாக்கியுள்ளது. குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டம் தடை செய்கிறது. இதனைச் சண்டைக்கான கருவியாக அல்லாமல், மனத்துணிவுக்கான ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கையில் ஒரு தாள்

பள்ளிக்கு அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் நேரில் காணுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்வதோடு நில்லாமல் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மருத்துவரின் கையொப்பம் இருந்தால் ஆசிரியருக்கும் துணிவு பிறக்கும். அத்தாளில் இருக்க வேண்டியவை இவை:

1. காய்ச்சல். உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியசை எட்டினால் அது அவசரநிலை. பள்ளியில் மாத்திரை கொடுத்துப் பார்க்க வேண்டாம். மாலைவரை காத்திருக்கவும் வேண்டாம். உடனே பெற்றோரை அழைக்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த பிள்ளைக்கு நோய்த்தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடக்கூடும்.

2. அம்மை. வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால் அன்றே தெரிவிக்க வேண்டும். தொடர்பு ஏற்பட்ட முதல் சில நாள்களுக்குள் கொடுத்தால்தான் தடுப்பு மருந்து நன்கு பயன்படும். நம் ஊர்களில் அம்மை கண்ட வீட்டார் வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வர். பள்ளிக்குக் காரணம் சொல்லாமலும் இருந்துவிடுவர். ஆனால் சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. எனவே ஒரு பிள்ளை காரணமின்றி வராவிட்டால் விசாரித்துச் சொல்லுமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்ளுங்கள்.

3. பள்ளியில் தரும் மாத்திரையும் ஊசியும். குடற்புழு நீக்க மாத்திரை, இரும்புச்சத்து – ஃபோலிக் அமில மாத்திரை, தடுப்பூசி ஆகிய எதனையும் எங்கள் மருத்துவரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம். பிள்ளை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட், ஃபார்பர் கையாண்ட மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபோலிக் அமிலம் அதன் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடும். மற்றப் பிள்ளைகளுக்கு நன்மை செய்யும் மாத்திரை இவனுக்கு அவ்வாறு அமையாமல் போகலாம்.

4. அடியும் இரத்தக் கசிவும். தலையில் அடிபட்டாலும், மூக்கிலிருந்து வழியும் இரத்தம் நிற்காவிட்டாலும் உடனே அழைக்க வேண்டும். விளையாட்டு வேளையில் எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்பதையும் எழுதுங்கள். வெறுமனே மரத்தடியில் உட்கார வைப்பதைவிட, ஓட்டப்புள்ளி குறிக்கும் வேலையைக் கொடுப்பது பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும்.

5. கையும் காலும். வின்கிரிஸ்டின் என்னும் மருந்தால் விரல்களில் வலிமை குறையும்; நடையிலும் தடுமாற்றம் வரும். எழுத்து கோணலாவதும், எழுதி முடிக்க நேரமாவதும், மாடிப்படியில் தடுக்குவதும் சோம்பலால் அல்ல. பெரும்பாலும் காலப்போக்கில் சீராகும். அதுவரை எழுத்து வேலையைக் குறைத்து, வாய்மொழியாக விடை கேட்கலாம். புத்தகச் சுமையையும் குறைக்க வேண்டும்.

6. தண்ணீர், உணவு, கழிப்பறை. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரை வீட்டிலிருந்து கொண்டுவருவான். கேட்டவுடன் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும். சூடாகச் சமைத்த உணவு உண்ணலாம். பள்ளி வாசலில் விற்கும் மாங்காய்க் கீற்றும் குச்சி ஐஸும் வேண்டாம்.

தாளின் அடியில் பெற்றோர் இருவரின் தொலைபேசி எண்ணையும், எமது பிரிவின் எண்ணையும் தெளிவாக எழுதுங்கள்.

பிள்ளையின் நாவில் ஒரு விடை

முதலில் கூறிய சிறுவன் பிப்ரவரி மாதத்தில் பள்ளிக்குச் சென்றான். இரண்டு நாள் நன்றாகவே கழிந்தன. மூன்றாம் நாள் எவனோ ஒருவன் அவனுடைய தொப்பியைப் பிடித்து இழுத்துவிட்டான். வகுப்பு சிரித்தது. நான்காம் நாள் அவன் எழுந்திருக்கவே இல்லை. "நான் அப்பவே சொன்னேன்ல சிஸ்டர்" என்று தாய் தொலைபேசியில் அழுதார்.

தவறு எம்முடையதும்தான். ஆசிரியருக்குத் தாள் எழுதிக் கொடுத்தோம். அம்மாவுக்கு மருந்து அட்டவணை கொடுத்தோம். ஆனால் "உனக்கு ஏன் முடி இல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்பதை அவனுக்கு எவரும் கற்றுத் தரவில்லை. மறுமுறை அவன் மருத்துவமனைக்கு வந்தபோது இருவரும் அமர்ந்து பேசினோம். விடையை அவனே அமைத்தான்: "எனக்கு ரத்தத்துல ஒரு நோய். மருந்து போட்டதால முடி கொட்டிருச்சு. திரும்ப மொளைக்கும். இது யாருக்கும் ஒட்டாது." நான்கே வாக்கியங்கள். அவற்றைப் பத்து முறை உரக்கச் சொல்லிப் பார்த்தான். அடுத்த திங்களன்று, ஆசிரியர் உடன் நிற்க, வகுப்பின் முன் அவனே சொன்னான். ஒரு பிள்ளை மட்டும், "வலிக்குமா?" என்று கேட்டதாம். "ஊசி வலிக்கும்" என்றானாம்.

பிள்ளைகளின் கேள்வியில் கொடுமையைவிட அறியாமையும் அச்சமுமே மிகுதி. இது ஒட்டுவாரொட்டி நோயன்று என்று தெரிந்தவுடன் பெரும்பாலும் விலகல் நீங்கிவிடும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நோயின் பெயரை வகுப்பில் கூற அவன் விரும்பாவிட்டால் ஆசிரியரும் கூறலாகாது. அதே பள்ளியில் அக்காளோ தம்பியோ படித்தால் அவர்களுக்கும் இந்த விடையைக் கற்றுக்கொடுங்கள். ஊரார் கேள்விகளில் பாதி அவர்களைத்தான் வந்தடைகின்றன.

பாதி நாளிலிருந்து தொடங்குங்கள்

முதல் வாரம் முற்பகல் மட்டும் போதும். களைப்பு தணிந்தபின் முழு நாளாக்கலாம். வாராந்திர மாத்திரைக்கு மறுநாள் குமட்டல் இருந்தால் அன்று தாமதமாக அனுப்பலாம். சில சிகிச்சை முறைகளில் இடையிடையே ஸ்டீராய்டு மாத்திரை சில நாள் கொடுக்கப்படும். அந்நாள்களில் பசியும் சிணுங்கலும் கோபமும் மிகும். அது மருந்தின் வேலை என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிவித்தால் பிள்ளை வீண்பழியிலிருந்து தப்புவான்.

விட்டுப்போன பாடங்களை ஒரே மாதத்தில் திணிக்க முயலாதீர்கள். எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகிய மூன்றில் அடிப்படை எங்கே அறுந்தது என்று ஆசிரியரிடம் கேட்டு, அங்கிருந்து நாளுக்கு அரைமணி நேரம் போதும். மதிப்பெண்ணை இவ்வாண்டு எவரும் கேட்க வேண்டாம். அதே வேளையில், செய்யக்கூடிய வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதும் வேண்டாம். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை ஆசிரியர் அன்போடு கேட்பதில்கூட, "நீயும் மற்றவர்களைப் போன்றவன்தான்" என்ற செய்தி அடங்கியிருக்கிறது.

திரும்புதல் ஒருமுறை நிகழ்வதன்று

பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது இது. மார்ச் மாதத்தில் ஒருநாள் பிற்பகல் அச்சிறுவனுக்கு உடல் சுட்டது. ஆசிரியர் தாளைப் பார்த்து உடனே அழைத்தார். தந்தை பள்ளியிலிருந்து நேரே இங்கே கொண்டுவந்தார். வந்த ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழியாக மருந்து ஏறத் தொடங்கியது. ஒன்பது நாள் படுக்கையில் இருந்தான். "இனிப் பள்ளி வேண்டாம்" என்று தாய் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ, "வீட்டுல இருந்திருந்தா ராத்திரி வரைக்கும் பாத்திருப்பேன் சிஸ்டர். டீச்சர் பாக்கல" என்றார்.

காய்ச்சல் வரும், அணுக்கள் குறையும், பரிசோதனை நாள்கள் வரும். ஒவ்வொரு முறையும் பள்ளி விட்டுப்போகும். ஒவ்வொரு முறையும் மீண்டும் செல்ல வேண்டும். விடுப்பு நாள்களில் ஒரு தோழனேனும் தொலைபேசியில் பேசட்டும்; அன்றன்றைய பாடக் குறிப்பு வீட்டுக்கு வரட்டும்; வருகைப் பதிவில் அவன் பெயர் நீங்காமல் இருக்கட்டும். இழை அறுந்துவிடாமல் இருந்தால், திரும்புவது ஒவ்வொரு தடவையும் சற்று எளிதாகும்.

அவனுடைய கேள்விக்கு விடையும் கிடைத்தது. இரண்டாம் பெஞ்சின் சுவரோரத்தில் வேறொரு சிறுவன் உட்கார்ந்திருந்தானாம். இவனைக் கண்டதும் பையை எடுத்துக்கொண்டு சற்று நகர்ந்து இடம் விட்டானாம். "இப்ப ரெண்டு பேரும் அங்கதான்" என்று, ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனான்.

உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றிப் பேச விரும்பினால், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எமது பிரிவின் செவிலியரிடம் கூறுங்கள். ஆசிரியருக்கான தாளை உங்களுடன் அமர்ந்து எழுதித் தருவோம்.