குஞ்சுக் கொட்டகைக்கு எந்தச் சூடு பாதுகாப்பானது?

முட்டையை உடைத்து வெளிவந்த கோழிக்குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதன் மேலிருப்பது இறகல்ல, மெல்லிய பஞ்சுமுடி. இறகு முளைத்து, குளிரைத் தாங்கும் திறன் வரச் சில வாரங்கள் ஆகும். தாய்க்கோழியிடம் வளரும் குஞ்சு அதுவரை இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்தச் சூட்டைக் கருவி ஒன்றுதான் தந்தாக வேண்டும். பண்ணைக்காரர்கள் இதைப் புரூடிங் என்கிறார்கள். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வருவது வழக்கமான கணக்கு. சூடு போதாவிட்டால் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியும். அடியில் மாட்டியவை மூச்சுத் திணறிச் சாகும்.

நூறு, இருநூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளரும் சிறிய கொட்டகையில், சூடு தரும் கருவியே பெரிய ஆபத்தாகவும் இருக்கிறது. தரை முழுக்கக் காய்ந்த உமி அல்லது தென்னைநார்க் கழிவு, கூரையில் பல இடங்களில் தென்னங்கீற்று, பக்கவாட்டில் சாக்குப் படுதா. தீப்பிடிக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. ஆகவே, ஹீட்டர் எவ்வளவு சூடு தரும் என்பது இரண்டாவது கேள்விதான். அது அறுந்து விழுந்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்க வேண்டும்.

கொட்டகை முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை என்பது தெளிவானால் பாதிச் செலவும் பாதி ஆபத்தும் குறைந்துவிடும். சூடான காற்று மேலே ஏறிக் கூரை வழியே போய்விடும். குஞ்சு இருப்பதோ தரையில். காற்றைச் சூடாக்கி ஊதும் அறை ஹீட்டர்கள் இங்கே உதவாததற்கு அதுவே காரணம். போதாததற்கு, அவற்றின் விசிறி உமித்தூசியை உள்ளே இழுத்துச் செக்கச்சிவந்த கம்பியின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். தகர ஷீட்டை ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக நிறுத்தி, அதற்குள் தரையை நோக்கிச் சூட்டை இறக்குவதுதான் முறை. வட்டத்தின் நடுவில் கதகதப்பும் ஓரத்தில் சற்றுக் குளிர்ச்சியும் இருந்தால், வேண்டிய இடத்தைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும்.

இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது குண்டு பல்பு. அது இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போகிறது. விளக்காக அது வீண்செலவு, புரூடராக அதுவே லாபம். எல்.இ.டி. வந்த பிறகு குண்டு பல்பு பல கடைகளில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி.யை மாட்டினால் வெளிச்சம் வருமே தவிர, குஞ்சுக்குச் சூடு வராது. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது வழக்கில் உள்ள கணக்கு. 250 குஞ்சுகளுக்கு 500 வாட், அதாவது ஐந்து 100 வாட் பல்புகள். இவற்றை ஒரே பெரிய விளக்காக மாற்றாமல் பிரித்துத் தொங்கவிடுவது நல்லது. நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மீதி நான்கு எரியும்.

அகச்சிவப்பு விளக்கு, அதாவது இன்ஃப்ராரெட் லேம்ப், 150 முதல் 250 வாட் வரை வருகிறது. குஞ்சையும் தரையையும் நேராகச் சூடாக்குவதில் இதற்கு ஈடில்லை. சிவப்புக் கண்ணாடி போட்டது குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துவதையும் ஓரளவு குறைக்கும். ஆனால் விபத்து என்று பார்த்தால் அதிகம் பயப்பட வேண்டியதும் இதற்குத்தான். எரியும்போது இதன் கண்ணாடி காய்ந்த உமியைக் கருக்கும் அளவுக்குச் சூடேறும். உமி உடனே கொழுந்துவிட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்து, ஆள் தூங்கும் நேரத்தில் பற்றும். மலிவான பிளாஸ்டிக் ஹோல்டர் இந்தச் சூட்டில் இளகும், விளக்கு கழன்று விழும். எனவே பீங்கான் ஹோல்டர் கட்டாயம். விளக்கை அதன் ஒயரிலேயே தொங்கவிடுவது பல கொட்டகைகளில் காணும் வழக்கம். இதைவிட மோசமான வழக்கம் இல்லை. உத்தரத்திலிருந்து இரும்புச் சங்கிலியில் கட்டி, அது விட்டாலும் தாங்கும்படி தனியாக ஒரு கட்டுக்கம்பியும் போட வேண்டும். விளக்கின் முன் கம்பிவலைக் கூண்டு இருந்தால், விழுந்தாலும் கண்ணாடி உமியைத் தொடாது. உமிக்கும் விளக்குக்கும் இடையே ஒன்றரை அடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். சூட்டைக் குறைக்கச் சங்கிலியில் இரண்டு கண்ணி மேலே ஏற்றினால் போதும்.

உடையாத பல்பு என்று விற்கப்படுவதை வாங்குமுன் அட்டையைப் படிப்பது நல்லது. சிலவற்றின் மேல் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் இருப்பது போன்ற டெஃப்லான் வகைப் பூச்சு இருக்கும். அதிகச் சூட்டில் அதிலிருந்து வரும் ஆவி மனிதருக்குத் தெரியாது, பறவையின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றுவிடும். பாதுகாப்புக்கென்று வாங்கியதே கொட்டகையைக் காலி செய்வது இப்படித்தான்.

வெளிச்சமே தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டரும் உண்டு. ராத்திரி இருட்டு வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது. எரிகிறதா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதே இதன் குறை. கை வைத்தால் கொப்பளித்துவிடும். இருப்பதிலேயே ஆபத்துக் குறைந்தது, நான்கு காலில் மேஜை போல நிற்கும் வெப்பத்தட்டு. குஞ்சுகள் அதன் அடியில் புகுந்து முதுகை ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு உமியைக் கருக்கும் அளவுக்குச் சூடாகாது, மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். கடுங்குளிரில் இது போதாது. தமிழகத்தின் சமவெளியில் ஐம்பது, அறுபது குஞ்சு வளர்ப்பவருக்கு, விலை கூடினாலும், இதுவே முதல் தேர்வாக இருக்கத் தகுந்தது.

மண்பானையில் கரி மூட்டி வைப்பது செலவில்லாத வழி. அதன் விலை வேறு விதத்தில் வரும். கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் இறந்துகிடந்த செய்திகள் வந்திருக்கின்றன. படுதாவை நாலாபுறமும் இறக்கிய கொட்டகையும் அப்படிப்பட்ட அறைதான். குஞ்சைக் காக்க அங்கேயே படுத்துக்கொள்பவருக்கும் அந்த ஆபத்து உண்டு. கேஸ் புரூடர் பெரிய பண்ணைக்குப் பொருந்தும். தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அமைப்பு உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் குஞ்சு இருக்கும் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் கொட்டகைக்கு வெளியே இருக்க வேண்டும். டியூபை எலி கடித்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். எதை எரித்தாலும் கூரையை ஒட்டி ஓர் அடி திறப்பு மூடாமல் இருக்கட்டும். எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வெளியேறவும் அதுதான் வழி.

மின்சார ஹீட்டரில் தீ எப்போதும் ஹீட்டரில்தான் தொடங்கும் என்பதில்லை, இணைப்பிலும் தொடங்கும். ஐந்து பல்பு சேர்ந்தாலும் 230 வோல்ட்டில் 2.2 ஆம்பியர்தான் ஓடும். ஒயருக்கு அது பெரிய சுமையல்ல. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டும் தளர்ந்த சாக்கெட்டும்தான் பொறி விடும். சுவிட்ச்பாக்ஸைத் தூசி புகாத மூடியோடு, முடிந்தால் வெளிச்சுவரில் பொருத்தலாம். உலோக ரிஃப்ளெக்டர் என்றால் எர்த்தோடு மூன்று கோர் ஒயர் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஷாக்கிலிருந்து காக்கும், அதிகச் சுமையை அது கவனிக்காது, அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும்.

குஞ்சுகளோடு முயலும் வளர்ப்பவர்களுக்கு ஒயர் இன்னொரு தலைவலி. முயல் எதையும் கடித்துப் பார்க்கும். எட்டும் தூரத்தில் உள்ள ஒயர் முழுவதும் குழாய்க்குள் போக வேண்டும். வளர்ந்த முயலுக்கு ஹீட்டர் தேவையே இல்லை, வெயிலைத்தான் அதனால் தாங்க முடியாது. சூடு வேண்டியது முடியில்லாமல் பிறக்கும் குட்டிகளுக்கு. தாய் தன் முடியைப் பிடுங்கி நிரப்பிய பெட்டி பெரும்பாலும் அதைப் பார்த்துக்கொள்ளும். மன்னவனூர், ஊட்டி போன்ற மலைக்குளிரில் வேண்டுமானால், பெட்டிக்கு அடியில் குறைந்த வாட் தட்டு ஒன்று வைத்தால் போதும்.

தெர்மோஸ்டாட் பொருத்தினால் அதன் உணர்முனையைக் குஞ்சின் முதுகு உயரத்தில், உமிக்கு இரண்டு அங்குலம் மேலே வைக்க வேண்டும். சுவரில் மாட்டினால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். கருவி என்ன காட்டினாலும் குஞ்சின் நடத்தையே கடைசித் தீர்ப்பு. விளக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் சூடு போதவில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து ஓரத்துக்கு ஓடினால் அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது.

கரண்ட் போகும் நேரத்துக்கும் வழி வேண்டும். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி கொண்ட இன்வெர்ட்டர் 500 வாட்டை இரண்டரை மணி நேரம் தாங்கினாலே அதிகம். அதற்கு மேல், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி வட்டத்துக்குள் வைத்து, வட்டத்தைச் சுருக்கிவிடலாம்.

குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. சில மணி நேரம் எரிந்ததும் கரண்டை நிறுத்திவிட்டு, பிளக்கையும் ஒயரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் அந்த இணைப்பை மாற்றிய பிறகே குஞ்சை இறக்க வேண்டும். ரிஃப்ளெக்டரில் படியும் தூசியை, விளக்கு ஆறிய பின் உலர்ந்த துணியால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.